பரணில் கிடக்கும் அரசு லேப்டாப்... ரேம் எவ்வளவு ஏற்றினால் போதும்?

அகரம், தாடிக்கொம்பு பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் ஒன்று ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் இருக்கும். அண்ணன் ப்ளஸ் டூவில் வாங்கியதைத் தங்கை காலேஜ் அசைன்மென்ட்டுக்காக இறக்குவாள். ஆன் ஆவதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். "ரேம் ஏத்துனா பறக்கும்" என்று யாராவது சொல்வார்கள். திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறும் முன் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

2011 செப்டம்பரில் இந்தத் திட்டம் தொடங்கியபோது கொடுத்த லேப்டாப்களில் 2 ஜிபி ரேம்தான். பிறகு வந்தவற்றில் 4 ஜிபி. கல்லூரி மாணவர்களுக்காக 2025-ல் எல்காட் விட்ட டெண்டரில் கேட்டது 8 ஜிபி. அரசு கணக்கே இப்படி ஏறியிருக்கிறது!

ரேம் என்பது சமையல் மேடை மாதிரி. ஹார்ட் டிஸ்க் என்பது சரக்கு அலமாரி. மேடையில் இடமில்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் அலமாரிக்கு நடக்க வேண்டும். அந்த நடைதான் நீங்கள் பார்க்கும் 'ஸ்லோ'. ஆனால், ஒரே ஒரு குழம்பு வைக்கிற வீட்டுக்குக் கல்யாண மண்டப மேடை எதற்கு?

விண்டோஸ் 10 இருந்தால் வழக்கமாகத் திறக்கிற எல்லாவற்றையும் திறந்துவைத்துவிட்டு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்பாமன்ஸ் பகுதியில் 'மெமரி' எண்பது, தொண்ணூறு சதவிகிதத்திலேயே நின்றால் ரேம் பற்றவில்லை என்று அர்த்தம். மெமரியில் இடமிருந்தும் 'டிஸ்க்' நூறிலேயே நின்றால் குற்றவாளி பழைய ஹார்ட் டிஸ்க். அப்போது ரேமை விட்டுவிட்டு எஸ்எஸ்டி மாற்றுங்கள். என்னைக் கேட்டால், கையில் ஒரு வேலைக்குத்தான் காசு இருக்கிறது, ரேம் ஏற்கெனவே 4 ஜிபி இருக்கிறது என்றால், எஸ்எஸ்டிதான் முதலில்.

2 ஜிபி மெஷினை 4 ஆக்கினால் வேர்டு, பிடிஎஃப், நாலைந்து பிரவுசர் டேப் ஓடும். ஆன்லைன் வகுப்பும் கோடிங்கும் சேர்ந்தால் 8 வேண்டும். அந்த வயசு லேப்டாப்பில் 16 போடுவது வீண். பிராசஸர் அந்த வேகத்துக்கு வராது.

இன்னொரு பொறி இருக்கிறது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இருந்தால் எவ்வளவு போட்டாலும் 2 ஜிபிக்கு மேல் தொடாது. 32 பிட் விண்டோஸ் என்றால் சுமார் 4 ஜிபியோடு நின்றுவிடும். 64 பிட்டுக்கு மாற்றாமல் ரேம் வாங்குவது காசைக் கரியாக்குவதுதான். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐப் பழைய பிராசஸர்கள் முறைப்படி ஏற்காது. லினக்ஸ் மின்ட் போட்டால் 4 ஜிபியிலேயே நன்றாக ஓடும். அரசு லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருந்ததே, நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்?

கடைக்கு லேப்டாப்பையே எடுத்துப் போங்கள். டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், மாற்றிப் பொருந்தாது. டிடிஆர்3-லேயே மின்னழுத்தம் குறைந்த 'எல்' வகை தனி. சில மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஸ்லாட் எத்தனை, அந்த மாடல் அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கே சிப் கம்பெனிகள் முன்னுரிமை தருவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிவிட்டது. அதனால் செகண்ட் ஹேண்ட் ரேம் தருகிறேன் என்பார்கள். வாங்கலாம், ஆனால் அங்கேயே போட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், மாற்றித் தருவதாக பில்லில் எழுதி வாங்குங்கள்.

கழற்றிய பழைய ரேமையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு லேப்டாப் ஆன் ஆகாவிட்டால், அதைப் போட்டுப் பார்த்துத்தான் கோளாறு புது ரேமிலா, போர்டிலா என்று கண்டுபிடிப்பார்கள்.