துபாயில் முதல் வேலையா? மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்து 'ஓகே' சொல்லாதீங்க!

"மாசம் 4,000 திர்ஹாம் தர்றோம், சம்மதமா?" ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் வேலைக்குப் போகும் பலரும் இதற்கு உடனே தலையாட்டிவிடுகிறார்கள். "அதுல பேசிக் எவ்வளவு?" என்று கேட்பவர்கள் குறைவு.

பேசிக் ஏன் முக்கியம்?

மொத்தச் சம்பளத்தில் பேசிக்கோடு வீட்டு வாடகை, போக்குவரத்துப் படிகளும் அடக்கம். ஆனால் ஓவர்டைம் பணமும், வேலையை விட்டு வரும்போது தரும் பணிக்கொடையும் பேசிக்கை வைத்தே கணக்கிடப்படும்.

கணக்கு என்ன?

ஓராண்டு வேலை பார்த்தாலே பணிக்கொடை உண்டு. முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் பேசிக், அதன்பிறகு ஆண்டுக்கு 30 நாள். கடைசியாக வாங்கிய பேசிக்தான் கணக்கு.

இருவருக்கும் மொத்தம் 4,000 திர்ஹாம். ஒருவருக்கு பேசிக் 1,200, இன்னொருவருக்கு 2,400 என வைத்துக்கொள்வோம். 5 ஆண்டுகள் கழித்து முதலாமவருக்குக் கிடைப்பது 4,200 திர்ஹாம். இரண்டாமவருக்கு 8,400!

எப்படிக் கேட்பது?

"மொத்தத்தைக் கூட்ட முடியலைன்னா, அதுக்குள்ளயே பேசிக்கை ஏத்தித் தாங்க" என்று கேட்கலாம். நிறுவனத்துக்கு மாதச் சம்பளச் செலவு கூடாது என்பதால், பேச இடமிருக்கும்.

எப்போது கேட்பது?

ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்பே. அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் தமிழிலும் கிடைக்கும். பேசியதெல்லாம் அதில் இருக்கிறதா எனப் பாருங்கள். விசா, ஆள்சேர்ப்புச் செலவு நிறுவனத்தின் பொறுப்பு. அதைச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை.