ஓடந்துறையின் காற்றாலைக் கணக்கு

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பிரதேசத்துக்குப் புதிதன்று. மேற்கு மலைத் தொடரில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலமுள்ள அவ்விடைவெளியில் நெருக்குண்டு வேகம் பெறும் தென்மேற்குப் பருவக் காற்று, வைகாசி முதல் புரட்டாசி வரையில் பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் ஓயாது வீசுகின்றது. கூரையைப் பிய்த்துச் செல்கிறதென்று நாம் வைத காற்றுத்தான் அது. 1990களிலிருந்து நம் நூற்பாலைகள் பல அதிலிருந்து மின்சாரம் எடுத்து வருகின்றன. ஆலை முதலாளிகளுக்குக் கைகூடியது ஒரு கிராமத்துக்கும் கைகூடும் என்பதை, மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி 2006ஆம் ஆண்டில் காட்டிற்று.

குடிநீர் இறைப்பதற்கும் தெருவிளக்குகளுக்கும் ஆகும் மின்கட்டணம் அவ்வூராட்சிக்குப் பெருஞ்சுமையாக இருந்தது. 2003இல் மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்து நீரிறைக்கும் சிறு யந்திரம் ஒன்றை அமைத்துப் பார்த்தனர். பின்னர், சேமித்து வைத்திருந்த சொந்த நிதி 40 லட்சம் ரூபாயும் வங்கிக் கடன் 1 கோடியே 15 லட்சமும் சேர்த்து, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினர்.

காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அன்று. உடுமலை வட்டாரத்து மைவாடியில். அங்கே உண்டாகும் மின்சாரம் இங்கே எவ்வாறு பயன்படும் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். வங்கியின் ஒரு கிளையில் பணம் கட்டி வேறொரு கிளையில் எடுப்பது போன்றதே இது. கட்டிய அதே நோட்டு நம் கைக்கு வருவதில்லை. கணக்கு மட்டும் நேராகின்றது. மைவாடியில் கம்பியில் ஏறும் யூனிட்டுகள் ஊராட்சியின் பேரில் வரவு வைக்கப்படுகின்றன. ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் உற்பத்தியாகும் என்பது கணக்கு. ஊரின் தேவை ஏறத்தாழ நாலரை லட்சம். மீதியை மின்வாரியத்துக்கு விற்ற வருவாய் கடனை அடைக்க உதவிற்று.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. 350 கிலோவாட் யந்திரம் ஆண்டு முழுவதும் முழு வேகத்தில் சுழன்றால் 30 லட்சம் யூனிட்டுக்கு மேல் தரவேண்டும். கிடைப்பதோ அதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. காற்று மெலிந்த மாதங்களில் இறக்கைகள் பெரும்பாலும் சும்மா நிற்பதே காரணம். யந்திரத்தின் மீது எழுதிய எண்ணைக் கண்டு லாபக் கணக்குப் போட்டவர் ஏமாந்து போவார். மாசி, பங்குனியில் வெயில் கடுமையாதலால், தறிக்கூடத்துக் கூரைமீது வைக்கும் சூரியத் தகடுகள் அக்குறையை ஓரளவு ஈடு செய்யும். ஆனால் இரவு நேரத் தறிக்கு அவை உதவா.

1932இல் கோவைக்கு வந்த பைகாரா மின்சாரம், அருவி நீரில் பிறந்தது, புகையற்றது. இன்று நம் தறிகளை ஓட்டும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் பிறப்பது. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வானில் சேர்ந்து, பூமியின் வெப்பத்தை உயர்த்துகின்றது. ஓடந்துறைக் காற்றாலை போன்ற ஒன்று தவிர்ப்பது ஆண்டுக்குச் சுமார் 600 டன். மழை தவறினால் முதலில் வாடுவது வானம் பார்த்த நம் சோளக்காடு என்பதால், இது விவசாயிக்கு அந்நியமான பேச்சன்று.

ஆனால் ஓடந்துறையின் 2006ஆம் ஆண்டுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு நம் சங்கத்தின் சேமநிதியில் கைவைத்தல் தகாது. மின்சாரத்தை வரவு வைக்கும் விதிகளும் கொள்முதல் விலையும் அதன்பின் பலமுறை மாறிவிட்டன. நல்ல காற்றுள்ள இடங்களை 1990களில் நிறுவிய சிறு யந்திரங்கள் பிடித்துக்கொண்டுள்ளன. ஆகவே இடத்தின் பல ஆண்டுக் காற்றளவு, நில உரிமை, பழுதுபார்க்கும் செலவு, அன்றைய கொள்முதல் விலை ஆகிய நான்கும் எழுத்தில் வந்த பிறகே பொதுக்குழுவில் கடன் பேச்சை எடுக்கலாம்.