காதுக்குள் ஒரு நாடி... இதயம் தாளம் தப்பினால் இயர்பட் சொல்லுமா?

நாடி பார்க்க வேண்டும் என்றால் கையைத்தான் நீட்டுவோம். சித்த வைத்தியர் மூன்று விரல் வைப்பதும் மணிக்கட்டில்தான், ஸ்மார்ட் வாட்ச் பச்சை ஒளி வீசுவதும் மணிக்கட்டில்தான். இப்போது அந்த வேலைக்குக் காதும் போட்டிக்கு வந்திருக்கிறது.

2025 செப்டம்பரில் ஆப்பிள் அறிமுகம் செய்த ஏர்பாட்ஸ் ப்ரோ 3 இயர்பட்டில் இதயத்துடிப்பை அளக்கும் சென்சார் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விநாடிக்கு 256 முறை காதின் தோலில் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை அது அளக்கிறது. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் ரத்தம் ஓர் அலையாக வரும். அப்போது ஒளி கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சப்படும்; அலை போனதும் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் அதுதான் நாடி.

காதுக்கு இது புது வேலையும் அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், உயரப் பறக்கும் விமானிகளுக்கு ஆக்சிஜன் குறைகிறதா என்று பார்க்க, காது மடலில் மாட்டும் ஒளிக் கருவி ஒன்றை உருவாக்கினார் அமெரிக்காவைச் சேர்ந்த க்ளென் மில்லிகன். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டருக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான்.

காதில் என்ன வசதி? கை ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். பாத்திரம் தேய்க்கும்போதும் மாவு பிசையும்போதும் வாட்ச் குழம்பிப்போகும். தலை அவ்வளவு ஆடாது. குளிரில் விரலுக்குப் போகும் ரத்தம் குறைவதுபோலக் காதுத் துளைக்குள் குறைவதில்லை. சிக்கலும் உண்டு. சாப்பிடும்போதும் பேசும்போதும் தாடை அசைந்து சென்சாரை நகர்த்தும். தூங்கும்போது பெரும்பாலானோர் இயர்பட்டைக் கழற்றிவிடுவார்கள்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது துடிப்பின் ஒழுங்கு. 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்ற கோளாறில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும். நாடி ஒரு ஒழுங்குமில்லாமல் ஓடும். தேங்கும் ரத்தம் கட்டியாகி, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு அதிகம். உரியவர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை கொடுத்தால், அந்த ஆபத்தில் மூன்றில் இரண்டு பங்கு குறையும். அதாவது, கண்டுபிடித்துவிட்டால் வழி இருக்கிறது.

கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பலருக்கு இது வரும், சில மணி நேரம் இருக்கும், போய்விடும். படபடப்புகூட இல்லாமல் போகலாம். ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் இதயம் சமர்த்தாகத் துடிக்கும். 'எல்லாம் நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாள் முழுக்க உடம்போடு இருக்கும் கருவிமேல் டாக்டர்களுக்கு ஆர்வம் வந்தது இதனால்தான்.

ஆனால், ஏர்பாட்ஸ் ப்ரோ 3 வெளிவந்தபோது அதற்குத் தரப்பட்ட வேலை, உடற்பயிற்சியின்போது துடிப்பை எண்ணுவதுதான். தாளம் தப்பினால் எச்சரிக்கும் வேலை அல்ல. அதற்கான முயற்சிகள் ஆய்வுக்கூடங்களில் நடக்கின்றன. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டானிலோ மாண்டிச் குழுவினர், காதுக்குள் வைக்கும் மின்முனைகள் மூலம் இதயத்தின் மின்சாரத்தையே பதிவு செய்து 2017-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இதயத்திலிருந்து தொலைவில் இருப்பதால் காதில் கிடைக்கும் சிக்னல் மிகவும் பலவீனம். அதைச் சத்தத்திலிருந்து பிரித்தெடுப்பதில்தான் முழு சாமர்த்தியமும் இருக்கிறது.

வாட்ச்சில் கிடைத்த அனுபவம் இங்கே உதவும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆப்பிள் வாட்ச்சை வைத்து 4,19,297 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2019-ல் வெளியானது. எச்சரிக்கை வந்தது வெறும் 0.52 சதவிகிதம் பேருக்கு. அவர்களில் நெஞ்சில் ஒட்டும் ஈ.சி.ஜி. பட்டையைப் போட்டுத் திருப்பி அனுப்பியவர்களில், 34 சதவிகிதம் பேருக்குத்தான் அந்த நாட்களில் கோளாறு பதிவானது. மற்றவர்களுக்கு எல்லாமே பொய் எச்சரிக்கை என்று சொல்லிவிட முடியாது. பட்டை ஒட்டிய நேரத்தில் கோளாறு வராமல் இருந்திருக்கலாம். வாட்ச் சொன்னதை அப்படியே நோய் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

இன்னொன்று, இந்தக் கோளாறு அதிகம் வருவது 65 வயதைத் தாண்டியவர்களுக்கு. நாள் முழுக்க இயர்பட்டோடு திரிவதோ பேரப்பிள்ளைகள்! தாத்தா, பாட்டி காதில் நாள் முழுக்க இருப்பது காது கேட்கும் கருவி. இந்த சென்சார் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

வாட்ச்சோ வேறு கருவியோ எச்சரித்தால் பதற வேண்டாம்; அலட்சியமும் வேண்டாம். முதலில் 5 நிமிடம் உட்காருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. எண்ணிக்கையோடு, துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் கவனியுங்கள். நேரம், அப்போது செய்த வேலை, மூச்சு வாங்கியதா, தலை சுற்றியதா என்று போனிலேயே குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஒருநாள் முழுக்கப் பதிவு செய்யும் 'ஹோல்டர்' பரிசோதனையை அவர் சொல்லக்கூடும். ஆஸ்பிரினோ பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையோ நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம்.

வாய் கோணுவது, ஒரு கை திடீரெனத் தளர்வது, பேச்சு குழறுவது, நெஞ்சு வலி, மயக்கம் - இதில் எது வந்தாலும் நாடி எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. எந்தக் கருவியும் எதுவும் சொல்லாவிட்டாலும் உடனே 108.