மூட்டைக்கு 1,700, குவிண்டாலுக்கு 2,545: எது அதிகம்?

வீடியோவுல போர்டுல போட்ட கணக்கை, நீங்க சேமிச்சு வெச்சுக்க வசதியா இங்க எழுத்துல தர்றேன். பேனாவும் பேப்பரும் எடுத்துக்கோங்க.

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் அறுவடை முடிஞ்சா வியாபாரி களத்துக்கே வந்துடுவார். உதாரணத்துக்கு, "75 கிலோ மூட்டை, 1,700 ரூபாய்"னு கேட்கிறார்னு வெச்சுக்குவோம். அரசு நேரடி கொள்முதல் நிலையத்துல 40 கிலோ சிப்பமா எடை போடுவாங்க, விலை மட்டும் குவிண்டால்ல இருக்கும். 2025-26 சீசனுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500.

மூட்டை, சிப்பம், குவிண்டால்னு மூணு யூனிட். இப்படியே ஒப்பிட முடியாது. எல்லாத்தையும் ஒரு கிலோவுக்குக் கொண்டு வாங்க.

வியாபாரி: 1,700 ÷ 75 = கிலோ 22.67 ரூபாய்
கொள்முதல் நிலையம் (சன்ன ரகம்): 2,545 ÷ 100 = கிலோ 25.45 ரூபாய்

உங்ககிட்ட 2,400 கிலோ இருந்தா?

வியாபாரிகிட்ட 32 மூட்டை × 1,700 = 54,400
நிலையத்துல 60 சிப்பம் × 1,018 = 61,080

வித்தியாசம் 6,680 ரூபாய்!

"சார், அறுவடை மெஷின் வாடகையை இன்னைக்கே கொடுக்கணும், காத்திருக்க முடியாது"ன்னு நீங்க சொல்றது கேட்குது. சரி, அதையும் கணக்குல கொண்டு வருவோம். 30,000 ரூபாயை நூத்துக்கு 3 ரூபாய் வட்டிக்கு ஒரு மாசம் வாங்கினா வட்டி 900. வண்டி வாடகை, ஆள் கூலி 1,500 ஆனாலும், 6,680 − 900 − 1,500 = 4,280 ரூபாய் உங்க கையில நிக்குது.

ஆனா அந்த 3 ரூபாய் வட்டிய சாதாரணமா நினைக்காதீங்க. அது மாசத்துக்கு. 12-ஆல பெருக்கினா வருஷத்துக்கு 36%. வருஷம் 9%-ல நகைக்கடன் கிடைச்சா, 12-ஆல வகுங்க: நூத்துக்கு 75 பைசா வட்டி. அதே 30,000-க்கு ஒரு மாசத்துக்கு 225 ரூபாய்தான்.

ஒரு விஷயம் கவனிங்க. இந்தக் கணக்கு, 17% ஈரப்பதத்துக்குள்ள காய்ஞ்ச நெல்லுக்கு. 20% ஈரத்துல இருக்கிற 100 கிலோ, 17%-க்குக் காய்ஞ்சா சுமார் 96.4 கிலோதான் வரும். அந்த எடைக் குறைவையும் கழிக்கணும். மழை வர்ற மாதிரி இருந்தா வியாபாரிகிட்ட கொடுக்கிறதுகூட சரியான முடிவா இருக்கலாம். எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுங்க, அவ்வளவுதான்.

கடலூர்ல மனை பார்க்கிறீங்களா?

ஒரு புரோக்கர் "சென்ட் 3 லட்சம்" என்கிறார். இன்னொருவர் "சதுர அடி வெறும் 750" என்கிறார். ஒரு சென்ட் = 435.6 சதுர அடி. 750 × 435.6 = 3,26,700. "வெறும்"னு சொன்னதுதான் சென்டுக்கு 26,700 ரூபாய் அதிகம். 5 சென்ட் வாங்கினா 1,33,500!

விவசாய நிலம்னா பட்டாவைப் பாருங்க. பரப்பு 0.24.50னு இருந்தா, 0 ஹெக்டேர், 24.50 ஏர்னு அர்த்தம். ஒரு ஏர் = 100 சதுர மீட்டர் = 2.47 சென்ட். 24.50 × 2.47 = சுமார் 60.5 சென்ட். விற்கிறவர் "65 சென்ட்" என்றால், மீதி நாலரை சென்ட் எங்கேன்னு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க.

பெரியவங்க காணி, மா, குழின்னு சொல்வாங்க. காணி சுமார் 132 சென்ட், மா சுமார் 33 சென்ட். குழி மட்டும் ஊருக்கு ஊர் மாறும்: டெல்டா கணக்குல 144 சதுர அடி, சில இடங்கள்ல 576. அதனால "உங்க ஊர் குழி எத்தனை சதுர அடி?"னு கேட்டுட்டு அப்புறம் விலை பேசுங்க.

எந்தக் கணக்கா இருந்தாலும் எண்ணுக்குப் பக்கத்துல யூனிட்டையும் எழுதுங்க: ரூபாய்/கிலோ, ரூபாய்/சென்ட், சதவீதம்/மாசம். ரெண்டு பக்கமும் ஒரே யூனிட் வந்த பிறகு ஒப்பிடுங்க. அதுவரைக்கும் யாருக்கும் சரின்னு தலையாட்ட வேண்டாம்.