மீட்பும் ஈடும்: கிறிஸ்தவ மீட்புக் கோட்பாடுகள் – ஓர் அறிமுகம்

முன்னுரை

கிறிஸ்தவ சமயத்தின் நடுநாயகமாக விளங்குவது சிலுவை. நாசரேத்து இயேசுவின் சிலுவை மரணம் மனித குலத்தின் மீட்புக்காக நிகழ்ந்தது என்பதில் அச்சமயத்தின் பெரும்பிரிவுகள் அனைத்தும் உடன்படுகின்றன. ஆயினும், ஒருவர் இறந்ததனால் மற்றவர் எவ்வாறு மீட்படைகின்றார் என்னும் வினாவிற்கு அவை ஒரே விடையை அளிக்கவில்லை. கி.பி. 325-இல் நைசியாவிலும் 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய பொதுச்சங்கங்கள் இயேசுவின் இறைத்தன்மையைச் சொல் சொல்லாக ஆராய்ந்து வரையறுத்தன. அவர் மனிதரின் மீட்புக்காக வந்தார் என்றும் அவை அறிக்கையிட்டன. ஆனால் அம்மீட்பு நிகழும் முறையை அவை வரையறுக்காமலே விட்டன. அவ்விடைவெளியிலேதான் கடந்த பதினெட்டு நூற்றாண்டுகளாகப் பல்வேறு கோட்பாடுகள் தோன்றி வளர்ந்துள்ளன.

இக்கோட்பாடுகளுள் முதன்மையானவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது. அவற்றை ஒப்பிட்டு நோக்குவதற்கு ஒரு வினாவையே அளவுகோலாகக் கொள்கின்றோம். சிலுவையில் கொடுக்கப்பட்டது ஒரு விலை எனில், அவ்விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது? இவ்வினாவிற்கு ஒவ்வொரு கோட்பாடும் தரும் விடையே அதன் இறைக்கொள்கையையும் மனிதக் கொள்கையையும் வெளிப்படுத்திவிடுகின்றது.

1. மூலச் சொற்களும் தமிழ் வடிவங்களும்

புதிய ஏற்பாடு மீட்பை ஒரே சொல்லால் குறிப்பதில்லை. கிரேக்க மூலத்தில் மூன்று சொற்கள் சிறப்பாகக் கருதத்தக்கவை. முதலாவது ‘லூட்ரோன்’, அடிமையையோ போர்க்கைதியையோ விடுவிக்கக் கொடுக்கும் விலையை அது குறிக்கும். இரண்டாவது ‘ஹிலஸ்டேரியோன்’, எருசலேம் ஆலய வழிபாட்டையும் பலியையும் சார்ந்தது. மூன்றாவது ‘கட்டல்லகே’, பகை நீங்கி உறவு கூடுதலை உணர்த்துவது. சந்தை, ஆலயம், உறவு என மூன்று வேறுபட்ட வாழ்க்கைக் களங்களிலிருந்து இச்சொற்கள் எடுத்தாளப்பட்டுள்ளன. பிற்காலக் கோட்பாடுகள் பலவும் இவற்றுள் ஒன்றைத் தலைமையாக்கி, ஏனையவற்றை அதன்கீழ் அடக்க முயன்றதன் விளைவே எனலாம்.

தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் மொழிபெயர்ப்பில் அச்சேறியது. அதன் பின்னர் வந்த மொழிபெயர்ப்பாளர் அனைவரும் இச்சொற்களுக்கு நிகர் தேடியுள்ளனர். சீர்திருத்தத் திருச்சபையினர் நெடுங்காலம் பயன்படுத்திவரும் பழைய மொழிபெயர்ப்பில் ‘இரட்சிப்பு’, ‘மீட்கும்பொருள்’, ‘கிருபாதாரபலி’ ஆகிய வடிவங்கள் காணப்படுகின்றன. 1995-இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்போ ‘மீட்பு’, ‘ஈடு’, ‘கழுவாய்’ என்னும் தமிழ்ச் சொற்களை ஆளுகின்றது. ‘ஒப்புரவு’ இரண்டிலும் உண்டு.

இச்சொற்கள் யாவும் தமக்கென ஒரு வரலாற்றை உடையவை. ‘கழுவாய்’ புறநானூற்றின் 34-ஆம் பாடலிலேயே இடம்பெறுகின்றது. கொடிய பாவங்களுக்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவர்க்கு உய்தி இல்லை என ஆலத்தூர் கிழார் அதில் கூறுகின்றார். ‘ஒப்புரவு’ திருக்குறளின் 22-ஆம் அதிகாரத்தில் உலக நடை அறிந்து பிறர்க்கு உதவுதலைக் குறிக்க, விவிலியத் தமிழில் முறிந்த உறவு மீண்டும் கூடுதலைக் குறிக்கின்றது.

‘மீட்பு’ என்னும் சொல் மேலும் நுட்பமானது. தமிழர் அடகு வைத்த நகையையும் மீட்பர். பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையையும் மீட்பர். முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்கு வீரம் வேண்டும். கரந்தை வீரன் ஆநிரை கவர்ந்தவர்க்கு விலை எதுவும் கொடுப்பதில்லை. கிறிஸ்தவ இறையியலின் மிகப் பழைய விவாதம் இவ்விரு மீட்புகளுக்கும் இடையில் எழுந்ததே ஆகும்.

2. பிணைத்தொகையும் வெற்றியும்

முதல் ஆயிரம் ஆண்டுகளில் பெரிதும் வழங்கிய விளக்கம் மனிதனைச் சிறைப்பட்டவனாகக் காண்கின்றது. பாவத்தாலும் சாவாலும் அவன் அலகையின் பிடியில் இருக்கின்றான்; இயேசுவின் உயிர் அவனை விடுவிக்கும் பிணைத்தொகை. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஒரிஜன் இவ்விலை தீயோனுக்கே கொடுக்கப்பட்டது என எழுதினார். நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி இதனைத் தூண்டில் உவமையால் விளக்கினார். இயேசுவின் மனித உடல் இரை. அதனுள் மறைந்திருந்த இறைத்தன்மை முள். இரையை விழுங்கிய அலகை முள்ளில் சிக்கியது என்பது அவர் கருத்து. அகுஸ்தீனோ சிலுவையை எலிப்பொறிக்கு ஒப்பிட்டார்.

அடிமைச் சந்தையையும் கடற்கொள்ளையரையும் போர்க்கைதிகளையும் நாள்தோறும் கண்ட மக்களுக்கு இவ்விளக்கம் எளிதில் விளங்கியிருக்கும். எனினும் இதன் குறைபாட்டை அந்நூற்றாண்டிலேயே ஒருவர் சுட்டிக்காட்டினார். கொள்ளையனுக்கு விலை கொடுப்பது இறைவனுக்கு இழுக்கன்றோ என நசியான்சின் கிரகோரி வினவினார். அவ்விலை தந்தையாகிய இறைவனுக்கே கொடுக்கப்பட்டது என்றால், நம்மைச் சிறைப்படுத்தியவர் அவர் அல்லரே என்றும் அவர் தொடர்ந்து கேட்டார். இவ்விரட்டை வினா பின்வந்த கோட்பாடுகள் அனைத்தையும் நிழல்போல் தொடர்கின்றது.

கீழைத் திருச்சபை மரபு விலையைக் காட்டிலும் உயிரின் மாற்றத்தையே மிகுதியும் வலியுறுத்திற்று. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த இரேனியு, ஆதாம் கெடுத்த மனித வாழ்வை இயேசு முதலிலிருந்து வாழ்ந்து சீர்செய்தார் என்றார். மனிதர் இறைத்தன்மையில் பங்குபெறவே இறைவன் மனிதரானார் என்பது அத்தனாசியுவின் கொள்கை. இதன்படி மனிதனின் அடிப்படைச் சிக்கல் அழிவு. மீட்பு என்பது நலம்பெறுதல்.

3. மாண்பும் ஈடும்

மேலைத் திருச்சபையில் பெருந்திருப்பத்தை ஏற்படுத்தியவர் காண்டர்பரியின் பேராயர் அன்செல்ம் (1033–1109). ‘இறைவன் மனிதரானது ஏன்’ என்னும் பொருளில் பெயரிடப்பட்ட உரையாடல் நூலை அவர் 1098-இல் நிறைவுசெய்தார். அலகைக்கு மனிதர்மேல் எவ்வித உரிமையும் இல்லை என அவர் அறுதியிட்டு உரைத்தார். எனவே அதற்கு விலை கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை.

அன்செல்மின் வாதம் படிப்படியாக அமைந்தது. பாவம் என்பது இறைவனுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தாமை. அது அவர் மாண்பைக் குலைப்பது. குலைந்த மாண்பிற்கு ஈடுசெய்தல் வேண்டும். அன்றேல் தண்டனை தொடரும். ஈடுசெய்யும் கடமை மனிதனுடையது. ஆனால் அவனிடம் இருப்பவை யாவும் முன்னரே இறைவனுக்கு உரியவை ஆதலின், ஈடாகக் கொடுக்க அவனிடம் எதுவுமில்லை. செய்ய வேண்டியவன் மனிதன்; செய்ய வல்லவர் இறைவன் மட்டுமே. ஆகவே இறைவனும் மனிதருமாகிய ஒருவரே அதனைச் செய்ய இயலும். பாவமற்ற இயேசுவுக்குச் சாவு கடமையன்று. அவர் மனமுவந்து அளித்த உயிர் கடனை விஞ்சிய கொடையாகின்றது.

குடிகளுக்கும் தலைவனுக்கும் இடையிலான கடமையையும் மாண்பையும் அச்சாணியாகக் கொண்ட நிலமானியச் சமுதாயத்தின் சாயல் இவ்வாதத்தில் உண்டெனப் பலர் கூறுவர். இங்கு ஒரு வேறுபாட்டை நாம் மனங்கொள்ளுதல் வேண்டும். அன்செல்மின் கோட்பாட்டில் ஈடும் தண்டனையும் ஒன்றல்ல. ஈடு செய்யப்பட்டால் தண்டனைக்கு இடமே இல்லை. இயேசு தண்டிக்கப்பட்டார் என அவர் கூறவில்லை. பிற்கால அறிமுக நூல்கள் பலவற்றில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகின்றது.

4. அன்பின் ஈர்ப்பு

அன்செல்முக்கு அடுத்த தலைமுறையினரான பீட்டர் அபேலார்ட் (1079–1142), உரோமையர் திருமுகத்திற்கு எழுதிய உரையில் ஓர் அடிப்படை ஐயத்தை எழுப்பினார். குற்றமற்ற ஒருவரின் குருதியை விலையாகக் கேட்பது கொடுமையன்றோ? தம் மகனின் சாவினால் இறைவன் மகிழ்ந்து உலகோடு ஒப்புரவானார் என்பது எங்ஙனம் பொருந்தும்?

அபேலார்டின் விடையில் சிலுவை மனிதனை நோக்கியது. தம் உயிரையே தரும் அளவிற்கு இறைவன் அன்பு காட்டியதைக் காணும் உள்ளம் உருகுகின்றது; அச்சத்தால் கட்டுண்டிருந்தவன் அன்பினால் விடுதலை பெறுகின்றான். மாற வேண்டியவர் இறைவன் அல்லர், மனிதனே. இக்கோட்பாடு சிலுவையை வெறும் முன்மாதிரியாகக் குறுக்கிவிடுகின்றது என்பது இதன்மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு. ஆற்றில் மூழ்குபவனைக் காக்கக் குதித்து உயிர்விடுபவனின் செயல் அன்பு. எவரும் மூழ்காதபோது குதித்து உயிர்விட்டால் அது எவ்வாறு அன்பாகும்? காப்பாற்றுதல் உண்மையில் நிகழ்ந்தாலன்றி அன்பு வெளிப்படுவதில்லை என்பதே அக்குற்றச்சாட்டின் உட்பொருள்.

5. நீதிமன்றமும் தண்டனையும்

பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தம் மீட்பை நீதிமன்ற மொழியில் விளக்கிற்று. லூத்தரிடம் பழைய வெற்றிக் கருத்தும் தண்டனைக் கருத்தும் கலந்து காணப்படுகின்றன. சட்டம் பயின்றவரான கால்வின், 1559-இல் இறுதி வடிவம் பெற்ற தம் பெருநூலில், மனிதர்க்கு உரிய தண்டனையை இயேசு அவர்கள் இடத்தில் நின்று ஏற்றார் என விளக்கினார். அன்செல்மிடம் மாற்றாக இருந்த தண்டனை இங்கு வழியாகவே ஆகிவிடுகின்றது. சீர்திருத்தத் திருச்சபைகள் பலவற்றில் இன்றும் செல்வாக்குடன் விளங்குவது இதுவே.

இதனைக் கடுமையாகத் தாக்கியவர் ஃபௌஸ்டஸ் சொசினஸ். 1594-இல் வெளிவந்த அவரது நூலின் தருக்கம் எளியது. கடனைக் கட்டியபின் மன்னித்தல் என்பதில்லை. மன்னித்தபின் கட்டுதல் என்பதில்லை. பணக்கடனைப் பிறர் தீர்க்கலாம்; குற்றத்தைப் பிறர்மேல் ஏற்ற இயலாது. இதற்கு மறுப்பாக டச்சுச் சட்ட அறிஞர் ஊகோ குரோட்டியஸ் 1617-இல் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். இறைவன் கடன் கொடுத்தவரல்லர், உலகை ஆள்பவர். மன்னிக்கும்போதும் சட்டத்தின் மதிப்பைக் காக்க வேண்டிய பொறுப்புடையவர். சிலுவை அம்மதிப்பை உலகறியக் காட்டுவது என்பது அவர் கொள்கை.

6. இருபதாம் நூற்றாண்டு மறுபார்வை

சுவீடன் நாட்டு இறையியலாளர் குஸ்டாவ் அவுலேன் 1930-இல், அன்செல்ம், அபேலார்ட் ஆகியோர்க்கு முற்பட்ட வெற்றிக் கருத்தே தொன்மையானது எனக் காட்டி அதற்குப் புத்துயிர் அளித்தார். மாபெரும் போர்களையும் வதை முகாம்களையும் கண்ட நூற்றாண்டில் தீமையைத் தனிமனிதப் பிழையாக மட்டும் காண இயலாமற் போனது. குஸ்தாவோ குத்தியேரஸ் 1971-இல் மீட்பையும் சமுதாய விடுதலையையும் இணைத்துப் பேசினார். யூர்கன் மோல்ட்மன் 1972-இல், சிலுவையில் இறைவனே துன்புறுவோருடன் துன்புறுகின்றார் என எழுதினார்.

1989-இல் ஜோஆன் கார்ல்சன் பிரவுன், ரெபேக்கா பார்க்கர் ஆகியோர் எழுப்பிய வினா இவை அனைத்தினும் கூர்மையானது. தந்தை விதித்த துன்பத்தை மறுப்பின்றி ஏற்ற மகனைப் போற்றும் சமயம், வீட்டில் அடிபடும் பெண்ணுக்கு என்ன கற்பிக்கின்றது? துன்பம் தன்னளவில் மீட்பளிக்கும் என அவள் நம்புவாளாயின், அவளைத் துன்புறுத்துபவனுக்கே அக்கோட்பாடு துணைபோகின்றது. மீட்புக் கோட்பாடு ஏட்டுப் பொருளன்று என்பதும், அது மாந்தர் உடல்மீதும் வாழ்வுமீதும் விளைவுகளை ஏற்படுத்தவல்லது என்பதும் இதனால் பெறப்படும்.

7. தமிழ்ச் சூழலில் மீட்பு

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் வெளிவந்தது. அதற்கு முதனூலாகிய ஜான் பனியனின் ஆங்கில நூலில், பயணியின் முதுகுச் சுமை சிலுவையைக் கண்ட அளவில் தானே கழன்று விழுகின்றது. யார் யாருக்கு எதைக் கொடுத்தார் என்னும் கணக்கு அக்காட்சியில் இல்லை. சுமை இறங்கிய உணர்வே உண்டு. ஏ.ஜே. அப்பாசாமி 1927-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகவே விளக்கினார். தமிழ்ப் பக்தி மரபில் ஊறிய உள்ளத்திற்கு நீதிமன்றத்தைக் காட்டிலும் அன்புறவே அணுக்கமானது என்பதை இது உணர்த்துகின்றது.

சைவ சித்தாந்தத்துடன் ஒப்பிடுங்கால் ஒற்றுமையும் வேற்றுமையும் ஒருங்கே புலப்படுகின்றன. பாசத்தால் கட்டுண்ட பசுவைப் பதி தன் அருளால் விடுவிக்கின்றான் என்னும் கொள்கை, சிறைமீட்புக் கருத்தோடு நெருங்கி நிற்கின்றது. சஞ்சித வினை குருவருளால் நீங்கினும் பிராரத்த வினை நுகர்ந்தே கழியும் என்னும் கொள்கையோ, ஒருவர் தண்டனையை மற்றொருவர் ஏற்கும் கருத்தோடு முரண்படுகின்றது. ஆலகாலம் உண்ட நீலகண்டன் பிறர்க்காகத் துன்பத்தை ஏற்கின்றான். எனினும் அங்குக் குற்றமும் தண்டனையும் பேசப்படவில்லை. ஆகவே சைவத்தோடு எந்தக் கிறிஸ்தவக் கோட்பாட்டை ஒப்பிடுகின்றோம் என்பதைத் தெளிவுறுத்தாத ஒப்பாய்வு பயன் தராது.

முடிவுரை

சிலுவையில் விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்னும் வினாவிற்கு, அலகைக்கு என்றும், இறைவனின் மாண்பிற்கு என்றும், நீதிக்கு என்றும், எவருக்கும் அன்று, மனித உள்ளத்தைத் தொடவே என்றும் விடைகள் கிடைத்துள்ளன. அடிமைச் சந்தை, நிலமானிய அவை, நீதிமன்றம் என அவ்வக்காலத்து நிறுவனங்கள் அவ்விடைகளுக்கு உருக்கொடுத்துள்ளன. இதனால் அவை பொருளற்றவை ஆகிவிடா. சிறைப்பட்டவன் விடுதலையையும், குற்றவுணர்வால் வருந்துபவன் மன்னிப்பையும், பிரிந்தவன் உறவையும் நாடுகின்றான். மூவரின் தேவையும் ஒன்றன்று. புதிய ஏற்பாடு பல சொற்களை ஆண்டதும், திருச்சபையின் தொன்மையான அறிக்கைகள் ஒன்றை மட்டும் தேர்ந்து கட்டாயமாக்காததும் இப்பன்மைக்கு இடமளித்துள்ளன. இவற்றுள் ஒன்றை மட்டும் கிறிஸ்தவம் எனக் கொண்டு ஏற்போரும் மறுப்போரும் அச்சமயத்தின் ஒரு பகுதியையே காண்கின்றனர். பல சமயத்தார் அடுத்தடுத்து வாழும் நம் சூழலில், பிறர் சமயத்தின் மையக் கருத்தை அதன் முழு விரிவோடும் அதன் உள்விவாதங்களோடும் அறிந்துகொள்வது ஆய்வாளர்க்குரிய நேர்மை மட்டுமன்று; அண்டை வீட்டாருக்கு நாம் செலுத்த வேண்டிய ஒப்புரவும் ஆகும்.