பிராட்வே முதல் தாம்பரம் வரை: ஒரு பஸ் தடம்

நாடோறும் கண்ணிற்படும் பொருள்களை நாம் ஆராய்வதில்லை. சென்னை மாநகரில் 18ஏ என்னும் எண்ணைத் தாங்கி, பிராட்வேயிலிருந்து அண்ணா சாலை வழியாய்த் தாம்பரத்தை நோக்கி ஓடும் பஸ் அத்தகைய பொருள்களுள் ஒன்றாகும். அதில் ஏறியவர் நம்முள் பலர். அதனைப் பற்றி ஒரு நாழிகை சிந்தித்தவர் மிகச் சிலரே. ஆதலின் அதனைக் குறித்துச் சிறிது எழுதப் புகுந்தோம்.

முதற்கண் ஓர் ஐயம் எழுகின்றது. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரமுள்ள இவ்வழிக்கு ரயில் இல்லாமலில்லை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் 1931ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கிற்று. மெட்ரோ ரயிலும் 2016இல் சின்னமலையிலிருந்து விமான நிலையம் வரையில் ஏற்பட்டு, 2019இல் அண்ணா சாலையின் அடியிலே சுரங்கம் வழியாய் வண்ணாரப்பேட்டையோடு இணைந்தது. இவ்விரண்டும் பஸ்ஸினும் விரைந்து செல்வன. சாலையிலுள்ள விளக்குகளும் மாடுகளும் ஊர்வலங்களும் இவற்றைத் தடுப்பதில்லை. அங்ஙனமிருக்க, பஸ் நிறைந்து வழிவது ஏன்?

இதனை அறிய விரும்பி, ஒருநாள் முற்பகலில் நாம் பிராட்வேயில் ஏறி, நமக்கு எதிரே ஜன்னலோரமாயிருந்த ஓர் ஆசனத்தை மட்டும் கவனித்து வந்தோம். முதலில் அதில் அமர்ந்தவர் கோடவுன் தெருவிலே துணி வாங்கிக்கொண்டு வந்த ஒரு பெரியவர். அவர் எல்.ஐ.சி. நிறுத்தத்தில் இறங்கினார். அவ்விடத்தில் ஓர் அலுவலகச் சிப்பந்தி உட்கார்ந்து தேனாம்பேட்டையில் எழுந்தார். பின்னர் மருத்துவச் சீட்டுகளைக் கையிற் பிடித்த ஒரு மூதாட்டி சைதாப்பேட்டை வரையிலும், ஒரு மாணவன் கிண்டியிலிருந்து பல்லாவரம் வரையிலும், கைக்குழந்தையோடு ஒரு தாய் பல்லாவரத்திலிருந்து குரோம்பேட்டை வரையிலும் இருந்தனர். அதன்பின் ஆசனம் வெறுமையாகவே தாம்பரம் சேர்ந்தது. பிராட்வேயிலிருந்து தாம்பரம் வரையில் அதில் அமர்ந்து சென்றார் ஒருவருமிலர்!

நம் ஐயத்திற்கு விடை இதுவே. ரயிலானது ஊரோடு ஊரை இணைக்கின்றது. பஸ்ஸோ வாயிலோடு வாயிலை இணைக்கின்றது. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டைக்குச் செல்லும் நோயாளிக்குச் சுரங்கத்தில் இறங்கி ஏறுவது பெரும்பாடு. தலையிலே மூட்டை சுமந்தவருக்கு ரயில் நிலையத்து மேம்பாலப் படிகள் ஒரு மலையே. ஆகவே 18ஏ ஒரு நீண்ட பிரயாணமன்று. ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்பட்ட குறும்பிரயாணங்களின் தொகுதியாகும். தாம்பரத்தில் இறங்கும் சிலரை மட்டும் எண்ணி, இவ்வண்டி வீணாக ஓடுகின்றது என்று கூறுவார் இதனை அறியார்.

வழியிலுள்ள இடங்களோ ஒவ்வொன்றும் ஒரு கட்டுரைக்குப் போதுமானவை. சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்குமிடத்தில், கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர் 1726இல் தம் பொருளைச் செலவிட்டு ஒரு பாலம் அமைத்தார். அதனிடத்தில் 1966இல் எழுந்ததே மறைமலை அடிகள் பாலம். பல்லாவரத்தில் மகேந்திரவர்ம பல்லவனின் குடைவரை உளது. அதனினும் பன்மடங்கு பழமையானதொரு செய்தியும் அவ்வூருக்கு உண்டு: 1863ஆம் ஆண்டில் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலநூலறிஞர் பழைய கற்காலத்துக் கருவியொன்றை அங்கே கண்டெடுத்தார். இந்நாட்டிலும் அக்காலத்து மாந்தர் வாழ்ந்தனர் என்பது அதனால் புலப்பட்டது. குரோம்பேட்டையோ தோல் பதனிடும் தொழிற்சாலையினால் பெயர் பெற்ற ஊர். மேலும், உயர்நீதிமன்றத்திற்கு எதிரே நெடுங்காலமிருந்த சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலை 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தமையால், அதன் பழைய மனையையும் புதிய மனையையும் இணைப்பதும் இவ்வொரு தடமே. இவற்றையெல்லாம் ஜன்னலோரம் கிடைத்தாலன்றிக் காண்பதற்கில்லை.

இனி, இத்தடத்தில் பிரயாணம் செய்வோர் யாவரும் கூறும் குறையொன்றை ஆராய்வோம். அரைமணி நேரம் காத்திருந்தும் ஒரு வண்டி வாராது. வரும்பொழுது இரண்டு மூன்று சேர்ந்தே வரும். ஓட்டுநர்கள் தேநீர்க்கடையிலே கூடிப் பேசிப் புறப்பட்டனர் என்று பலர் கடிந்துரைப்பர். உண்மை அதுவன்று. பத்து நிமிஷத்திற்கு ஒன்றாக வண்டிகள் புறப்பட்டனவென்று கொள்வோம். முதல் வண்டி நந்தனத்து விளக்கிலே மூன்று நிமிஷம் தடைப்பட்டது. அடுத்த நிறுத்தத்தில் அதற்காகக் காத்து நிற்போர் பதின்மூன்று நிமிஷத்துக் கூட்டத்தார். அவர்கள் ஏறுவதற்குக் கூடுதலாக நேரம் வேண்டும்; ஆதலின் வண்டி மேலும் தாமதிக்கின்றது; அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் பெருகுகின்றது. பின்னே வரும் வண்டியோ ஏழு நிமிஷத்துக் கூட்டத்தையே காண்பதால் விரைவில் புறப்பட்டு முன்னதை நெருங்குகின்றது. இங்ஙனம் செல்லச் செல்ல இரண்டும் ஒன்றன் பின்னொன்றாய் ஒட்டிக்கொள்ளும். முன்னது நிறைந்தும் பின்னது ஒழிந்தும் இருக்கும். பின்வண்டியை ஒரு நிறுத்தத்தில் சற்றே நிறுத்திவைத்தால் இது தீரும். ஆயினும் அதனுள் இருப்போர் அதற்கு இசைவாரோ? நாமே இசையோம். படியிலே தொங்குவதை வீரமெனக் கருதும் நம் மாணவ நண்பர்கள், அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழியும் நேரத்தையும் இக்கணக்கிற் சேர்த்துக்கொள்வாராக.

இக்குறை எல்லாரையும் ஒருபடித்தாகத் தாக்குவதன்று. சாதாரண வண்டிகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாமென்னும் ஏற்பாடு 2021 மே மாதத்தில் தொடங்கிற்று. அவற்றை எளிதில் அறியும்பொருட்டு, 2022 முதல் பல வண்டிகளின் முகப்பில் இளஞ்சிவப்பு வர்ணமும் பூசப்பட்டது. சொகுசு வண்டிக்கு இச்சலுகை இல்லை. ஆகவே நிறுத்தத்திலே நிற்கும் ஆடவருக்கு எந்த வண்டியும் வண்டியே. கையிற் காசில்லாத பெண்ணுக்கோ சாதாரண வண்டி ஒன்றே வண்டி. நாம் பத்து நிமிஷம் காத்திருக்குமிடத்தில் அவள் இருபது நிமிஷமும் முப்பது நிமிஷமும் காத்திருக்கின்றாள். கட்டணத்தைக் காசாகக் கொடாது காலமாகக் கொடுக்கின்றாள் என்று சொல்லத் தோன்றுகின்றது. எனினும் அக்காசு மாதமொன்றுக்கு அவள் வீட்டில் எத்துணைப் பெரிது என்பதை அவளே அறிவாள். நாம் குறைகூற வல்லேம் அல்லேம்.

அன்று திரும்பும் வழியில் சைதாப்பேட்டையில் இறங்கி நின்றோம். தாம்பரம் செல்லும் பக்கத்தில், காய்கறி மூட்டையைக் காலடியில் வைத்து ஓர் அம்மாள் நின்றிருந்தார். சொகுசு வண்டிகள் இரண்டு கடந்தன. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் மூட்டைமேற் கைவைத்தார். மூன்றாவதாக மற்றொரு சொகுசு வண்டி வந்து நிற்க, அதன் பின்னே ஒட்டியவாறு சாதாரண வண்டி வந்தது. முன்னது இடத்தை அடைத்துக்கொண்டமையால் பின்னது விலகிச் சென்று, முப்பதடி தள்ளி நின்றது. அம்மாள் மூட்டையைத் தூக்கி இடுப்பிலே இடுக்கிக்கொண்டு ஓடினார். மற்றவரெல்லாம் ஏறிவிட்டனர். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர் அவரைக் கண்டார், ஊதவில்லை. உள்ளேயிருந்து யாரோ, "நேரமாகுதே, போகலாம்!" என்று கூவினர். அவர் அதற்கு விடை கூறாது, படியிலே குனிந்து மூட்டையை வாங்கி உள்ளே வைத்து, "மெதுவா ஏறும்மா" என்றார். அதன் பின்னரே விசில் ஒலித்தது.