பூட்டிய ஆலயத்தில் எரியும் விளக்கு

ஆலயத்தில் மின்சிக்கனம் என்று பேச்சு எழுந்தால் எல்லார் கண்ணும் மின்விசிறிமேல்தான் போகிறது. கணக்கு வேறு கதை சொல்கிறது. பழைய மின்விசிறி 75 வாட். வாரம் 6 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 23 யூனிட். 30 வாட் பிஎல்டிசி விசிறி மாட்டினால் 14 யூனிட் மிச்சம். இனி வெளியே வந்து, கோபுரத்துக்கோ கெபிக்கோ வெளிச்சம் போடும் பழைய சோடியம் விளக்கைப் பாருங்கள். 250 வாட் விளக்கு மாலை 6 முதல் காலை 6 வரை எரிந்தால் இரவுக்கு 3 யூனிட், ஆண்டுக்கு 1,095. அங்கே 70 வாட் எல்இடி போட்டால் 307 யூனிட்தான் ஆகும். இரவு 10 மணிக்கு டைமர் அணைத்துவிட்டால் 102. எல்இடிக்கு மாறுவதில் மட்டும் மிச்சமாகும் மின்சாரத்தை விசிறியில் எடுக்க 56 விசிறிகளை மாற்ற வேண்டும்.

அதனால் காணிக்கைப் பணத்தில் விசிறி வாங்கத் தீர்மானம் போடும் முன், ஆலயம் பூட்டிய பிறகு என்னென்ன ஓடுகிறது என்று ஓர் இரவு சுற்றிப் பாருங்கள். அணைக்காத ஆம்ப்ளிஃபயர், தொட்டி நிரம்பி வழிந்தும் ஓடும் மோட்டார், விடிய விடிய எரியும் வளாக விளக்குகள்.

அடுத்தது சுவிட்ச் போர்டு. வார நாள் திருப்பலிக்குப் பத்துப் பேர்தான் வருவார்கள். பல ஆலயங்களில் நான்கைந்து விசிறிக்கு ஒரே சுவிட்ச். எது எதற்கு என்று எழுதியும் இருக்காது. கோவில்பிள்ளை வரிசையாகத் தட்டிவிட, வாசல் வரை அத்தனையும் சுற்றும். எலக்ட்ரீஷியனை வைத்து இணைப்புகளைப் பிரித்து, ‘பீடம்’, ‘முன்வரிசை’, ‘பின்வரிசை’ என்று பெயின்டில் எழுதி வைத்தால் போதும். ஏசி உள்ள ஆலயங்கள் 24 டிகிரியில் நிறுத்தலாம்.

இது வெறும் கட்டணப் பிரச்சினை அல்ல. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அது எங்கோ தொலைவில் வெளியாவதல்ல. பனிமய மாதா பேராலயம் இருக்கும் தூத்துக்குடியின் கடலோரத்தில்தான், 1979இல் உற்பத்தியைத் தொடங்கிய அனல்மின் நிலையம் இருக்கிறது. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்த நிலக்கரிச் சாம்பல், மீனவர்களின் பிழைப்பையே கெடுத்திருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடல், தேவையற்ற விளக்கை அணைப்பதையும் படைப்பைப் பேணும் செயல்களில் ஒன்றாகச் சொல்கிறது. கடவுள் படைத்ததைக் காப்பது விசுவாசிகளின் கடமை என்று நம்புகிறவர்கள் அதை ஆலய மீட்டரிலும் காட்ட வேண்டும்.

சட்டச் சிக்கலும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் வழிபாட்டிடங்களுக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது. அந்த மீட்டரிலிருந்து ஒயர் இழுத்து, வாடகைக்கு விடும் கல்யாண மண்டபத்துக்கோ கடைக்கோ மின்சாரம் கொடுத்தால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் மாட்டிக்கொள்வீர்கள். உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிப்பார்கள். எப்போதிருந்து என்று கண்டறிய முடியாவிட்டால் முந்தைய 12 மாதங்களுக்குக் கணக்கிடுவார்கள். தற்காலிக மதிப்பீட்டு ஆணைக்கு ஆட்சேபம் தெரிவிக்க உங்களுக்கு உரிமை உண்டு. இறுதி ஆணை வந்த 30 நாளுக்குள், தொகையில் பாதியைக் கட்டி மேல்முறையீடு செய்யலாம். மண்டபத்துக்குத் தனி இணைப்பு வாங்கிவிடுவதே நிம்மதி.

மீட்டர் கூடுதலாக ஓடுகிறது என்று சந்தேகமா? எழுத்தில் புகார் கொடுங்கள். மின் நுகர்வோர் உரிமை விதிகளின் 2024 திருத்தப்படி, புகார் வந்த 5 நாளுக்குள் சரிபார்ப்பு மீட்டர் பொருத்த வேண்டும். மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அங்கும் தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர்.

திருவிழா நாட்களைப் பற்றிச் சொல்லும்போது மனம் பதறுகிறது. 2025 மார்ச் 1 அன்று குமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில், ஆலயத் திருவிழா வேலையின்போது இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு 4 பேர் இறந்தார்கள். சீரியல் லைட்டுக்குக் கம்பத்தில் கொக்கி போடுவது மின்திருட்டு. அதைவிட, அது உயிரைப் பறிக்கும். கம்பிக்குப் பக்கத்தில் வேலை என்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் அலங்கார விளக்கு எரிய வேண்டாம்.

கூரையில் சோலார் போடும் ஆசை நல்லது. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். நாளுக்கு 4 யூனிட் வரை கிடைக்கும். ஆனால் மணிக்கூண்டின் நிழல் விழும் இடத்தில் பலகை வைத்தால் பணம் வீண். பழைய ஓட்டுக் கூரை பாரம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். பிரதமரின் சூரிய வீடு திட்ட மானியம் குடியிருப்புகளுக்கு மட்டுமே. ஆலயத்துக்கு வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள். வாரநாளில் மிஞ்சும் மின்சாரத்துக்கு மின்வாரியம் என்ன விலை தரும் என்பதை முதலில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அடுத்த பங்குப்பேரவை அல்லது சபைக்குழுக் கூட்டத்துக்குக் கடந்த 6 மின்கட்டண ரசீதுகளைக் கொண்டுபோங்கள். ஓராண்டு யூனிட் கணக்கைச் சபையார் முன் வாசித்துவிட்டு, எந்த விளக்கை முதலில் மாற்றுவது என்று அன்றைக்கே முடிவெடுங்கள்.